இருபத்திரண்டு பேரும் எட்டுச் சிலுவைகளும்

டிசம்பர் பிறந்தால் போதும், நம் வாட்ஸப் குழுவுக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது. தேசிய ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணியில் யார் யார் இருப்பார்கள் என்று ஆளுக்கொரு பட்டியல். டாலஸில் பல் பிடுங்குகிறவன் ஒன்று போடுகிறான், குபெர்டினோவில் இருக்கிறவள் மீட்டிங்குக்கு நடுவே ஒன்று போடுகிறாள். நமக்கெல்லாம் தலை நரைத்து, முட்டி வலித்து, பிள்ளைகள் காலேஜுக்குப் போன பிறகும், இருபது வயதுகூட ஆகாத பையன்களுக்காக நாம் சண்டை போடுகிறோம். போடுங்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் போன வாரம் நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கேள்வி கேட்டீர்கள். எல்லாவற்றுக்கும் முந்திரிக்கொட்டையாக முன்னால் வருகிறவள், பட்டியல் மட்டும் ஏன் போடுவதே இல்லை?

சொல்கிறேன். இத்தனை வருடம் சொல்லாததற்குக் காரணம் வெட்கம்தான், வேறொன்றும் இல்லை. போன மாதத்தோடு அந்த வெட்கத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

ஐசலின் ஊரில் நாங்கள் இருந்த அந்த இரண்டு மாடிக் கட்டடம் உங்களுக்கு நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் எல்லாரும் எங்கள் வீட்டில்தான் குதிப்பீர்கள். கீழ்வீட்டு ஆன்ட்டி நீளக் கம்புத் துடைப்பத்தை எடுத்துத் தன் வீட்டுக் கூரையில் இடிப்பார், அது எங்கள் உள்ளங்காலில் தெரியும். இரண்டு இடி என்றால் மெதுவாக. மூன்று இடி என்றால் 'மேலே வந்துவிடுவேன்' என்று அர்த்தம். மூன்றுக்கு மேல் போக நமக்குத் தைரியம் இருந்ததில்லை.

அந்த ஆன்ட்டி அமெரிக்கக்காரர். கணவர் இல்லை, ஒரே மகன். கீழ்வீட்டு அண்ணன் என்று நாம் கூப்பிட்டவர் அவர்தான். பத்தொன்பது வயது, வெளியூர்க் காலேஜ் அணியில் கோல்கீப்பர். லீவுக்கு வந்தால் ஆள் உயரத்துக்கு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வருவார். கால் கவசங்களைப் படிக்கட்டுக் கைப்பிடியில் காயப் போடுவார். ஊறிய தோல், வேர்வை, ஈரச் சாக்ஸ் எல்லாம் கலந்த அந்த நாற்றம் எங்கள் வீட்டு சாம்பார் வாசனையையே அமுக்கிவிடும். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவாள். நான் நின்று இன்னொரு முறை மோந்து பார்த்துவிட்டுத்தான் போவேன். எனக்கு அது பனித்தரையின் வாசனை. எனக்கு அப்போது பத்து வயது, பனிச்சறுக்கு அரங்குக்குள் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை.

வீட்டில் கேட்காமல் இல்லை. அம்மா நர்ஸ், உடைந்த பற்களை தினமும் பார்க்கிறவள், ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். அப்பாவிடம் போனால் அது வேறு கதை. அப்பா கோவில்பட்டிக்காரர். ஹாக்கி என்று காதில் விழுந்தாலே முதுகு நிமிரும். ஆனால் அவருடைய ஹாக்கி செம்மண் தரையில், வெயிலில், பதினொரு பேர் ஆடுவது. பந்து உருண்டையாகக்கூட இல்லாத ஆட்டத்தை அவர் ஹாக்கி என்றே ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த நவம்பரில் ஆன்ட்டிக்கு ஒரு கடிதம் வந்தது. தேசிய ஜூனியர் அணியின் பயிற்சி முகாமுக்கு முப்பது பேரை அழைத்திருந்தார்கள். அதில் கீழ்வீட்டு அண்ணன் பெயரும் இருந்தது. முகாம் முடிவில் எட்டுப் பேரைக் கழித்துவிட்டு, இருபத்திரண்டு பேரோடு கிறிஸ்துமஸ் கையோடு உலகப் போட்டிக்குப் போவார்கள். ஆன்ட்டி அந்தக் கடிதத்தைப் படிக்கட்டில் உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டினார். எனக்கு அன்றைக்கு ஜுரமே வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் அந்த முப்பது பெயர்களையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அப்பா சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவ்வளவு தெரியுமாக்கும்? சரி, முப்பதுல எந்த இருபத்திரண்டு பேர செலக்ட் பண்ணுவான்னு சொல்லு பிள்ள. ஒண்ணுகூடத் தப்பக் கூடாது. கரெக்ட்டா சொல்லிட்டன்னா நானே கூட்டிட்டுப் போயி ஸ்கேட்டிங் கிளாஸ்ல சேத்து விடுதேன். ஆனா ஒண்ணு, லிஸ்ட்ட தமிழ்லதான் எழுதணும்."

நம் வீடுகளில் இதெல்லாம் வழக்கம்தானே. எது கேட்டாலும் தமிழில் ஒரு பக்கம் எழுது என்பார்கள். நான் ஆங்கிலத்தில் 'டீல்' என்றேன். அம்மா கரண்டியை ஓங்கினாள்.

அடுத்த மூன்று வாரமும் நான் பள்ளிக்கூடம் போனதே நினைவில்லை. ஆன்ட்டி வாங்கும் ஹாக்கி வாரப் பத்திரிகையைக் கெஞ்சி வாங்கி வருவேன். லைப்ரரியில் பழைய செய்தித்தாள்களின் விளையாட்டுப் பக்கங்களைப் புரட்டி விரல் கறுத்துப் போகும். யாருக்குக் கணுக்காலில் அடி, யார் யாரோடு சேர்ந்தால் நன்றாக ஆடுகிறார், எல்லாம் என் தலையில் இருந்தது. அணியை அடுக்க எனக்குக் கிடைத்தது காரம்போர்டு. முன்னால் ஆடுகிறவர்களுக்கு வெள்ளைக் காய், தடுக்கிறவர்களுக்குக் கறுப்புக் காய், போதாததற்கு அம்மாவின் பொத்தான் டப்பா. மூன்று மூன்று பேராக வரிசை கட்டுவேன், கலைப்பேன், மறுபடி கட்டுவேன். நீங்கள் வந்து உங்கள் இஷ்டத்துக்குக் காயை நகர்த்துவீர்கள், நான் கத்துவேன், கீழேயிருந்து இரண்டு இடி விழும். சிவப்புக் காய் மட்டும் ஆரம்பத்திலிருந்தே ஒரே இடத்தில் இருந்தது. அது கீழ்வீட்டு அண்ணன்.

டிசம்பரில் அந்தக் காய்தான் சிக்கலானது. கோல்கீப்பர் இடம் இரண்டு. முகாமுக்குப் போனவர்கள் மூன்று பேர். பத்திரிகையை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் மற்ற இருவரும் இவரைவிடக் குறைவாகவே கோல் விட்டிருந்தார்கள். இவரை எழுதினால் பட்டியல் தப்பும், ஸ்கேட்டிங் போச்சு. எழுதாவிட்டால், வாகன நிறுத்தத்தில் நமக்காகத் தரையில் விழுந்து விழுந்து டென்னிஸ் பந்தைப் பிடித்த மனிதரை நானே வெளியே தள்ளிய மாதிரி. இரண்டு நாள் பட்டியலை எழுதாமலே வைத்திருந்தேன். கடைசியில் அப்பாவிடமே போனேன். யார் என்று சொல்லவில்லை. மனசு ஒன்று சொல்கிறது, கணக்கு வேறொன்று சொல்கிறது என்று மட்டும் சொன்னேன்.

அப்பா தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "லிஸ்ட்டுக்கு மனசு கெடையாது பிள்ள. கணக்கு சொல்லுதத எழுது."

சிவப்புக் காயை எடுத்து காரம்போர்டின் மூலை வலையில் போட்டேன். அப்புறம் அது கண்ணிலேயே படவில்லை. அந்த வீட்டில் இருந்தவரை அதற்குப் பதில் ஒரு கோட்டுப் பொத்தானை வைத்துத்தான் ஆடினோம்.

அம்மா கொண்டுவரும், ஆஸ்பத்திரிப் பெயர் அச்சிட்ட குறிப்புத் தாளில் பட்டியலை எழுதினேன். முத்து முத்தாக, தமிழில். பெயருக்கு எதிரே வயது, பதினெட்டு, பத்தொன்பது என்று. அதற்கு எதிரே ஆடும் இடம், இடது, வலது, நடு என்று. இருபத்திரண்டு பெயர் முடிந்ததும் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே கழிபடப் போகும் எட்டுப் பேர். அவர்கள் போய்விட்டார்கள் என்பதை எப்படிக் காட்டுவது? எனக்குத் தெரிந்த பட்டியல் உலகத்திலேயே ஒன்றுதான், எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கும் ஜெப விண்ணப்பப் பட்டியல். அதில் போய்விட்டவர்களின் பெயருக்கு முன்னால் அம்மா ஒரு சிலுவை போடுவாள். நானும் எட்டுப் பேருக்கும் ஒவ்வொரு சிலுவை போட்டேன். எட்டாவது சிலுவை கீழ்வீட்டு அண்ணனுக்கு.

அப்பா அடியில் கையெழுத்துப் போட்டு, அடுத்த நாள் ஆபீஸில் ஜெராக்ஸ் எடுத்து, காப்பியைத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். இனிமேல் அடித்தல் திருத்தல் கிடையாது என்றார். மூலத்தை ஃப்ரிட்ஜ் கதவில் மாட்டினேன். காந்தம் ஒன்றுதான் இருந்தது. அம்மாவின் பட்டியலுக்கு மேலேயே மாட்டிவிட்டேன்.

அந்த ஞாயிறு மதியம் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டு முறை. நீங்கள் எல்லாரும் படுக்கையறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அதனால் உங்களுக்கு இது தெரியாது. அம்மா கீழ்வீட்டு ஆன்ட்டியையும் கேக் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். மகன் முகாமில் இருக்க, பாவம், மூன்று நாளாக போனைப் பார்த்துக்கொண்டே தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று. ஆன்ட்டி சோபா நுனியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெபமாலை முடிந்தது. ஜெபத்தை நடத்தும் அங்கிள் விண்ணப்பம் எங்கே என்று கேட்டார். அம்மா அடுப்படியில் கட்லெட் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"ஃப்ரிட்ஜ்ல இருக்கு பாருங்க அங்கிள், எடுத்துக்கோங்க," என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

அங்கிள் எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். முதல் பெயரிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அது என் பட்டியல். கத்தியிருக்கலாம். கத்தவில்லை. பெரியவர்கள் இருபது பேர் முழந்தாளில் இருக்கும்போது எப்படிக் கத்துவது? அங்கிள் நிறுத்தி, நெஞ்சைத் தொட்டுக்கொண்டு சொன்னார், இவர்கள் எல்லாம் நம் சகோதரியின் ஆஸ்பத்திரியில் இருக்கிற பிள்ளைகள், பாருங்கள், எல்லாருக்குமே பதினெட்டு, பத்தொன்பது வயதுதான். ஆன்ட்டிமார் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு. பிறகு ஒவ்வொருவராக எடுத்தார். இடது பக்கம் பாதிக்கப்பட்ட இந்தப் பிள்ளைக்காக. வலது பக்கம் பாதிக்கப்பட்ட இந்தப் பிள்ளைக்காக. 'நடு' என்று வந்த இடத்தில் கொஞ்சம் யோசித்து, நெஞ்சில் அடைப்புள்ள இந்தப் பிள்ளைக்காக என்றார். நாட்டிலேயே திடகாத்திரமான இருபத்திரண்டு பையன்களுக்காக நம் அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்பா சுவரோரமாக முழந்தாளில் இருந்தார். அவருடைய தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்தவர் ஆறுதலாக முதுகில் தட்டிக் கொடுத்தார். அப்பா அழவில்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கோடு வந்தது. அங்கிளின் குரல் இறங்கியது. கர்த்தர் அழைத்துக்கொண்ட எட்டுப் பேர் என்றார். எல்லாரும் தலை குனிந்தார்கள். எட்டுப் பெயரையும் படித்துவிட்டு, மரித்தோருக்கான ஜெபத்தைப் பாட்டாகவே எடுத்தார், அந்த இழுவையான பழைய ராகத்தில். வீடே சேர்ந்து பாடியது. எட்டாவது பெயரைக் கேட்டதும் ஆன்ட்டி நிமிர்ந்தார். தமிழ் தெரியாவிட்டால் என்ன, மகன் பெயர் தெரியாதா? முதலிலிருந்தே அவருக்கு அந்தப் பெயர்கள் பழக்கமாகத்தான் பட்டிருக்கின்றன, அவரே எனக்குப் படித்துக் காட்டிய கடிதத்தில் இருந்த பெயர்கள்தானே. பக்கத்திலிருந்த ஒரு ஆன்ட்டியிடம் என்ன செய்கிறீர்கள் என்று மெல்லக் கேட்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னார், இந்தப் பையன்கள் எல்லாருக்காகவும் ஜெபிக்கிறோம்.

கீழ்வீட்டு ஆன்ட்டி அழுதார். அப்படி ஓர் அழுகை. தன் மகனுக்காக மட்டும் இல்லாமல் முகாமில் இருக்கும் ஒவ்வொரு பையனுக்காகவும் பெயர் சொல்லி ஜெபிக்கிறார்களே என்று. பாட்டு முடிந்ததும் அங்கிளின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தாள் எனக்கு வேண்டும் என்றார். யாருக்காகவோ இவ்வளவு உருகுகிறாரே என்று அங்கிள் மடித்துக் கொடுத்துவிட்டார். அம்மா தட்டில் கட்லெட்டோடு வந்தபோது ஆன்ட்டி அவளையும் கட்டிக்கொண்டார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, கட்லெட் அவ்வளவு பிடித்திருக்கிறது போல என்று நினைத்தாள்.

எல்லாரும் போன பிறகுதான் அம்மா ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். அவள் பட்டியல் அங்கேயே தொங்கியது. "அப்போ அவர் எதைப் படிச்சாரு?" என்றாள். நான் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு, பெற்றவள் முன்னாலேயே சாவு ஜெபமா என்று நடுங்கினாள். உடனே கீழே போய் உண்மையைச் சொல்ல எழுந்தாள். அப்பா தடுத்தார், முடிவு வரட்டும், அவளை இப்போது கலக்காதே என்று. நான் அப்பாவிடம் ஓடினேன். அந்தச் சிலுவையை அழித்துவிடு, அவர் பெயரை மேலே எழுதிவிடு என்று கெஞ்சினேன். ஜெராக்ஸ் எடுத்தாச்சு என்றார் அவர்.

அந்த மூன்று நாள் இருக்கிறதே! ஜெயிக்க வேண்டும் என்று மூன்று வாரம் உருப்போட்டவள், தோற்க வேண்டும் என்று மூன்று நாள் உருப்போட்டேன். பஸ்ஸில், கணக்கு வகுப்பில், குளிக்கும்போது, ஒரே வேண்டுதல். எனக்கு ஸ்கேட்டிங் வேண்டாம், எந்தக் காலத்திலும் வேண்டாம், அவர் பெயர் வரட்டும். அவர் பெயர் வரவில்லையென்றால் அது என் சிலுவையால்தான் என்று எனக்கு உறுதியாக இருந்தது. கீழே போன் அடித்தால் எங்கள் தரைக் கம்பளத்தில் காதை வைத்துப் படுப்பேன்.

புதன்கிழமை பள்ளி விட்டு வந்து ஷூகூடக் கழற்றவில்லை. கீழே போன் அடித்தது. நான் தரையில் விழுந்து காதை வைத்தேன். பேச்சு கேட்கவில்லை. ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் ஒரு இடி. என் காதுக்கு நேர் கீழே. இரண்டு. மூன்று. நான் எழுந்து நின்றுவிட்டேன். நான்கு, ஐந்து, ஆறு, ஏழு! தரை அதிர்ந்தது, அலமாரியில் பாத்திரம் ஆடியது, ஆன்ட்டி துடைப்பக் கம்பால் கூரையை இடித்துக்கொண்டே இருந்தார். எனக்குப் புரிந்தது. நான் குதித்தேன். ஷூவோடு, முழு பலத்தோடு, தொம் தொம் என்று குதித்தேன். கீழேயிருந்து அவர் இடிக்க, மேலேயிருந்து நான் குதிக்க, அப்பா உள்ளே வந்தார்.

"என்னாச்சு?"

"தோத்துட்டேன்!" என்று கத்தினேன். "அப்பா, நான் தோத்துட்டேன்!"

அண்ணன் போனில் சொன்ன முழுப் பட்டியலையும் ஆன்ட்டி மேலே வந்து எழுதிக் கொடுத்தார். மற்ற இருபத்தொரு பேரும் சரி. ஒரே ஒரு கோல்கீப்பர்தான் தப்பு. அப்பா பெட்டியைத் திறந்து ஜெராக்ஸை எடுத்து, பேனாவால் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். இருபத்தொண்ணு, தோத்துட்ட என்றார். சொல்லிவிட்டு அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மாநில அணிப் பட்டியல் ஒட்டிய பலகைக்கு முன்னால், நண்பர்கள் மிட்டாயோடு காத்திருக்க, தன் பெயர் இல்லாமல் அவர் நின்ற கதையை அம்மா எனக்குப் பல வருடம் கழித்துத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் மட்டையைத் தொடவே இல்லையாம். லிஸ்ட்டுக்கு மனசு கிடையாது என்று எனக்குச் சொன்னது, அந்தப் பலகைக்கு முன்னால் நின்ற பையன்தான். அவன் சொன்னது தப்பு என்று எனக்குத் தெரிந்த அன்றைக்கே அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆன்ட்டி மறுபடி மேலே ஓடி வந்தார், கையில் ஒரு அட்டைப்பெட்டி. அண்ணன் சின்ன வயதில் போட்ட ஸ்கேட்ஸ், எனக்கு. என் காலுக்கு மூன்று அளவு பெரிது. இரண்டு ஜோடி சாக்ஸைத் திணித்துப் போட்டுப் பார்த்தேன். பந்தயத்தில் தோற்றவளுக்குப் பரிசா என்று அப்பா முனகினார். ஆனால் நன்றி சொல்லிக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை அவரே காரை ஓட்டிக்கொண்டு அரங்குக்குக் கூட்டிப் போனார். முதல் நாள் நான் விழுந்ததை எண்ணியிருந்தால் அவரிடம் அதற்கும் ஒரு ஜெராக்ஸ் இருந்திருக்கும்.

அண்ணன் அந்த உலகப் போட்டியில் பெஞ்சில் உட்கார்ந்ததோடு சரி, களத்தில் இறங்கவே இல்லை என்றுதான் ஞாபகம். ஆன்ட்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அடுத்த வருடம் டிசம்பரில் அவர் ஜெபக்கூட்டத்துக்கு ஒரு பட்டியலோடு வந்தார். மகனின் நண்பர்கள், தோழிகளின் பிள்ளைகள். அந்தப் பாட்டையே பாட வேண்டும் என்றார், வேறு எதுவும் வேண்டாம். உண்மையை அதற்குள் அங்கிளுக்கு அப்பா சொல்லியிருந்தார். அங்கிள் அந்தப் பட்டியலை வாங்கிக்கொண்டார். பிறகு தமிழில் எங்களிடம் சொன்னார், நாம எந்தப் பாட்டைப் பாடினா என்ன, ஆண்டவருக்கு அட்ரஸ் தெரியும். அந்த வருடமும் பாடினோம், அதற்கடுத்த வருடமும். உயிரோடு துள்ளும் பையன்களுக்கு சாவுப் பாட்டைப் பாடிய ஒரே ஜெபக்குழு நம்முடையதாகத்தான் இருக்கும். ஆன்ட்டிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் பட்டியல் போடுவதையும் அந்தப் புதன்கிழமையோடு நிறுத்திவிட்டேன்.

போன மாதம் ஆன்ட்டி இறந்துவிட்டார். கடைசிவரை அதே கீழ்வீடுதான். அடக்கம் முடிந்து அங்கே போனேன். அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது, தலையில் முடி இல்லை, சின்னப் பிள்ளைகளுக்குக் கோல் காக்கச் சொல்லிக்கொடுக்கிறார். சமையல் குறிப்பு டப்பாவிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். மஞ்சளாகிவிட்டது. மடிப்பில் கிழிந்ததற்கு டேப் ஒட்டியிருந்தது. அம்மா இதை ஒவ்வொரு டிசம்பரிலும் வெளியே எடுத்து வைப்பார் என்றார். இதில் நான் எது என்று கேட்டார்.

கடைசி வரியைத் தொட்டுக் காட்டினேன். பெயருக்கு முன்னால் இருக்கும் இந்தக் குறி என்ன என்றார். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் மறைத்து வைத்திருந்ததை அப்போது சொன்னேன். கணக்கு, பந்தயம், ஸ்கேட்ஸ், சிலுவை, பாட்டு, எல்லாம். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்போ நான் செத்துத்தான் டீமில் சேர்ந்தேனா என்றார். சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில், கறுப்பு உடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மேலே யாரோ பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், துடைப்பம் மூலையில் சாய்ந்திருந்தது, யாரும் அதை எடுக்கவில்லை.

அம்மாவுக்கு அந்தப் பாட்டைப் பாடு என்றார். நான் ஒருத்திதான் தமிழ், ஒற்றைக் குரலில் பாடினேன். அம்மா பாடிப் பாடி ராகம் அவருக்குத் தெரிந்திருந்தது, கூடவே முணுமுணுத்தார். முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துக் கொடுத்தார். தாளின் அடியில், அப்பாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில், ஆன்ட்டியின் பெயரைத் தமிழில் எழுதினேன். முன்னால் ஒரு சிலுவை போட்டேன். எட்டாவது சிலுவையை என்ன செய்வது என்று கேட்டேன். அது இருக்கட்டும், அது அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும் என்றார்.